ஸ்லைடில் தெரியும் தொற்று, தெரியாமல் போகும் தொற்று

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் நடக்கும் பெண்கள் மருத்துவ முகாம்களில் ஸ்மியர் எடுப்பவர்களும், அந்த ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் படிப்பவர்களும் சேர்ந்து எழுதுவது இது. வெள்ளைப்படுகிறது என்று ஒரு பெண் வருகிறார். பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து தேய்த்தெடுத்து ஸ்லைடில் பரப்பும் செல் மாதிரி) எடுத்து மதுரைக்கு அனுப்பிவிட்டு, "ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் மாத்திரை தரலாம்" என்று அவரைத் திருப்பி அனுப்புகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும். அரிப்போடும் வாடையோடும் வந்தவர் அதே தொல்லையோடு வீட்டுக்குப் போகிறார். அதே இடத்தில், அதே பத்து நிமிடத்தில், ஒரு சொட்டு உப்புநீரில் தெரிந்திருக்க வேண்டிய பதில் அது.

பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றங்களைக் கண்டுபிடிக்க வந்த பரிசோதனை. ஜார்ஜ் பாபனிகோலாவும் ஹெர்பர்ட் டிராட்டும் 1943-ல் இந்த முறையை நூலாக வெளியிட்டபோதும் நோக்கம் புற்றுநோயைக் கண்டறிவதே. தொற்று அதில் கண்ணில் படுவது கூடுதலாகக் கிடைக்கும் தகவல். கண்டால் விடக் கூடாது, காணவில்லை என்றால் நம்பிவிடவும் கூடாது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் ரிப்போர்ட்டைப் படிப்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஸ்மியர் ரிப்போர்ட் எழுத ஆய்வகங்கள் பின்பற்றும் பெதஸ்டா முறையில், 2014 திருத்தத்தின்படி, உயிரிகள் என்ற தலைப்பின் கீழ் வருபவை ஆறு. டிரைக்கோமோனாஸ் (உடலுறவால் பரவும் ஒருசெல் ஒட்டுண்ணி), கேண்டிடாவை ஒத்த பூஞ்சை, பாக்டீரியல் வஜைனோசிஸைச் (யோனியின் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகும் நிலை) சுட்டும் கிருமிச் சூழல் மாற்றம், ஆக்டினோமைசிஸை ஒத்த பாக்டீரியா, ஹெர்பிஸ் வைரஸால் வரும் செல் மாற்றம், சைட்டோமெகலோ வைரஸால் வரும் செல் மாற்றம். கிளமிடியாவும் கொனோரியாவும் இதில் இல்லை. கருக்குழாயை அடைத்து, பின்னாளில் குழந்தை தங்காமல் செய்யக்கூடிய இரண்டு தொற்றுகளையும் பாப் ஸ்மியர் நம்பகமாகக் காட்டாது. அவற்றுக்குத் தனி ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரி) எடுத்து மரபணுப் பரிசோதனைக்குத்தான் அனுப்ப வேண்டும். "ஸ்மியர் நார்மல்னு வந்துருச்சு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அடிவயிற்று வலியோடு இருக்கும் இளம்பெண் சொல்லும்போது, இதைப் பொறுமையாக விளக்கியே ஆக வேண்டும்.

வரும் நாள், வரும் விதம்

மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 10 முதல் 20-ஆம் நாளுக்குள் ஸ்மியர் எடுப்பது நல்லது. முந்தைய 48 மணி நேரத்தில் தாம்பத்தியம் கூடாது, உள்ளே வைக்கும் மாத்திரையோ கிரீமோ கூடாது, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. இதில் கடைசி விஷயம்தான் இங்கே அதிகம் தவறுகிறது. டாக்டரிடம் காட்டப் போகிறோம், சுத்தமாகப் போக வேண்டும் என்று நினைத்து, சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்வரை கழுவிவிட்டு வருகிறார்கள். அன்று பிஎச் (அமிலத்தன்மை) அளவும் நம்ப முடியாது, உப்புநீர்ச் சொட்டில் கலந்து உடனே பார்க்கும் நீர்ஸ்லைடிலும் எதுவும் இருக்காது. முகாமுக்குப் பெயர் எழுதும்போதே கிராம சுகாதார செவிலியர் இப்படிச் சொல்லிவிட்டால் போதும்: "அக்கா, எப்பவும் போல குளிச்சிட்டு வாங்க. உள்ள மட்டும் எதையும் ஊத்திக் கழுவாதீங்க."

திருவிழா நாட்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டியிருக்கும் பெண்கள் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். அந்த வாரங்களில் முகாம் போட்டு, ஆள் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. தீட்டு தள்ளிப்போக வேண்டும் என்று பலர் நோரெத்திஸ்டிரோன் மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். அது செல்களின் தோற்றத்தையே மாற்றும். இடைநிலைச் செல்கள் கூடும், யோனியில் இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் அவற்றைச் சிதைக்கும், ஸ்லைடு முழுக்க வெறும் நியூக்ளியஸ்களாக மிதக்கும். அது நோயல்ல. ஆனால் படிப்பவருக்கு விஷயம் தெரியாவிட்டால் தடுமாறுவார். மாத்திரை சாப்பிட்டதைக் கேட்டு ஸ்லைடோடு போகும் படிவத்தில் எழுதுங்கள். கடைசி மாதவிடாய்த் தேதி, காப்பர் டி இருக்கிறதா, கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா, மாதவிடாய் நின்று எத்தனை வருடம், சர்க்கரை உண்டா ஆகிய ஐந்தாறு விவரங்கள் இல்லாத படிவம் பாதி ரிப்போர்ட்டைக் கெடுக்கிறது.

ஒரே பரிசோதனையில், இந்த வரிசையில்

டிரேயில் முன்னதாகவே எல்லாம் இருக்கட்டும். மங்கலான முனையில் பென்சிலால் பெயரும் எண்ணும் எழுதிய ஸ்லைடுகள் (பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போகும்), கவர் ஸ்லிப், 4 முதல் 7 வரை காட்டும் பிஎச் தாள், நார்மல் சலைன், 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஸ்வாப் குச்சிகள், அய்ர் ஸ்பேட்டுலா (செல்களைச் சுரண்டி எடுக்கும் தட்டைக் குச்சி), சைட்டோபிரஷ் (வாய்த் துவாரத்துக்குள் செல்கள் எடுக்கும் சிறு பிரஷ்), ஸ்லைடுகளை நிறுத்தி வைக்கும் மூடியுள்ள காப்ளின் ஜாரில் ஆல்கஹால். சிவப்பு நீல லிட்மஸ் தாள் இதற்கு உதவாது.

யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். ஜெல்லி தடவினால் அது ஸ்லைடில் படிந்து செல்களை மறைக்கும். முதலில் யோனியின் பக்கச் சுவரில் பிஎச் தாளைத் தொடவேண்டும். கர்ப்பப்பை வாயின் சளியில் தொட்டால் அது காரத்தன்மை உள்ளது என்பதால் அளவு தவறாக ஏறிவிடும். மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு 3.8 முதல் 4.5 வரை இயல்பு. 4.5-ஐத் தாண்டினால் பாக்டீரியல் வஜைனோசிஸ் அல்லது டிரைக்கோமோனாஸ் பக்கம் யோசிக்கலாம். கேண்டிடாவில் பெரும்பாலும் அளவு ஏறாது. ரத்தமும் விந்தும் இருந்தால் அளவு ஏறும். மாதவிடாய் நின்றவர்களுக்கு எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும், அவர்களுக்கு இந்த அளவால் பயன் குறைவு.

அதே இடத்தில் ஸ்வாப் எடுத்து, ஒரு ஸ்லைடில் சலைன் சொட்டிலும் இன்னொன்றில் ஹைட்ராக்சைடு சொட்டிலும் கலக்குங்கள். ஹைட்ராக்சைடு சேர்ந்ததும் மீன் வாடை எழுகிறதா என்று அப்போதே கவனிக்க வேண்டும். பிறகு கவர் ஸ்லிப் போட்டு, பத்து நிமிடத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் முதலில் 10x லென்ஸிலும் பிறகு 40x லென்ஸிலும் பாருங்கள். டிரைக்கோமோனாஸ் துள்ளித் துள்ளி அசையும். அசைவு நின்றுவிட்டால் வெள்ளணுவுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஒரு மணி நேரம் போனால் தெரியும் வாய்ப்பு குறைந்துவிடும். கத்திரி வெயிலில் இன்னொரு தொல்லை, கவர் ஸ்லிப்பின் ஓரம் சீக்கிரம் காய்ந்து எல்லாம் உறைந்துவிடுவது. ஸ்லைடை வரிசையில் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போகாதீர்கள். ஒருவர் எடுக்கும்போதே இன்னொருவர் பார்க்க வேண்டும். அப்படியும் நீர்ஸ்லைடு டிரைக்கோமோனாஸை 44 முதல் 68 சதவீதம்தான் பிடிக்கும். சந்தேகம் பலமாக இருந்து ஸ்லைடில் தெரியாவிட்டால், வசதியுள்ள இடத்துக்கு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவதே சரி.

பாக்டீரியல் வஜைனோசிஸுக்கு ஆம்செல் அளவுகோல் எளிது. மெலிதாக ஒரே சீராகச் சுவரில் படிந்த வெள்ளை, 4.5-க்கு மேல் பிஎச், ஹைட்ராக்சைடில் மீன் வாடை, நீர்ஸ்லைடில் ஐந்தில் ஒரு பங்கு செல்களாவது கிருமிகள் ஒட்டி ஓரம் மங்கிய க்ளூ செல்களாக இருப்பது. நான்கில் மூன்று இருந்தால் போதும், முகாமிலேயே முடிவு சொல்லலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஸ்மியர். கர்ப்பப்பை வாயில் சளி திரண்டிருந்தால் உலர்ந்த பஞ்சால் மெல்ல எடுங்கள், தேய்க்க வேண்டாம். அய்ர் ஸ்பேட்டுலாவின் நீண்ட முனையை வாய்த் துவாரத்தில் பொருத்தி, அழுத்தம் விடாமல் ஒரு முழுச் சுற்று. அரைச் சுற்றோடு நிறுத்துவதால் புற்றுநோய் மாற்றங்கள் பெரும்பாலும் தொடங்கும் உருமாற்றப் பகுதியின் ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது. சைட்டோபிரஷ் கால் முதல் அரைச் சுற்று போதும், அதற்கு மேல் சுற்றினால் ரத்தம் வந்து ஸ்லைடைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்குப் பிரஷ் வேண்டாம். ஸ்லைடில் ஒரே இழுப்பாக மெலிதாகப் பரப்புங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் செல்கள் நசுங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனையும் அன்றே செய்வதாக இருந்தால், 3 முதல் 5 சதவீத அமிலத்தைக் கடைசியில்தான் தடவ வேண்டும்.

காற்று, ஆல்கஹால், சில நொடிகள்

ஸ்லைடு கெடுவதற்கு எங்கள் பக்கம் முதல் காரணம் காற்றுதான். பரப்பிய ஸ்மியர் சில நொடிகளுக்குள் ஆல்கஹாலுக்குள் போக வேண்டும். காய்ந்தால் நியூக்ளியஸ் உப்பிப் பெரிதாகும், சைட்டோபிளாசம் சிவந்துபோகும், இல்லாத மாற்றம் இருப்பதுபோலத் தெரியும். அரைகுறையாகக் காய்ந்து சிதைந்த செல் துண்டுகளை டிரைக்கோமோனாஸ் என்று எண்ணி, ஒரு குடும்பத்தில் தேவையில்லாத சண்டையை மூட்டிவிடவும் வாய்ப்பு உண்டு.

கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ முகாம் நடந்தால் ஸ்லைடு மேசைக்கு மேலுள்ள ஃபேனை நிறுத்துங்கள். பெரிய செட்டிநாட்டு வீட்டில் இடம் கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் நேர்கோட்டில் இருக்கும், வளவில் காற்று வீசிக்கொண்டே இருக்கும். உட்கார அருமையான இடம், ஸ்லைடுக்கு ஆகாது. பக்க அறை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆல்கஹால் 95 சதவீத எத்தில் ஆல்கஹாலாக இருக்க வேண்டும். கிடைக்காத இடத்தில் 80 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சரியான மாற்று. கடையில் ஊசி போடும்போது துடைக்க வாங்கும் ஸ்பிரிட்டோ, கிளிசரின் கலந்த சானிட்டைசரோ வேண்டாம். ஜாரை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். வெயிலில் திறந்து வைத்தால் ஆல்கஹால் ஆவியாகி மிச்சமிருப்பதில் தண்ணீர் பங்கு கூடிவிடும். குறைந்தது 15 முதல் 20 நிமிடம் ஸ்லைடு உள்ளே இருக்கட்டும். ஒரே ஜாரில் பல ஸ்லைடு போடும்போது ஒன்று விட்டு ஒன்றின் முனையில் பேப்பர் கிளிப் மாட்டினால் ஒன்றோடொன்று உரசாது. ஒருவரின் செல் மற்றவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்வது சின்ன விஷயமல்ல. ஆல்கஹாலில் நிலைப்படுத்தியபின் ஸ்லைடு காய்ந்தால் குற்றமில்லை, பெட்டியில் வைத்து பஸ்ஸில் அனுப்பலாம். ஜாருக்குப் பதில் நிலைப்படுத்தும் ஸ்பிரே பயன்படுத்துபவர்கள் 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். நெருக்கத்தில் அடித்தால் செல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

மைக்ராஸ்கோப்பில் எதை நம்புவது

டிரைக்கோமோனாஸ் பேரிக்காய் வடிவில், 15 முதல் 30 மைக்ரான் வரை, சாம்பல் நீலமாக இருக்கும். மையத்தில் இல்லாமல் ஒதுங்கிய மங்கலான நியூக்ளியஸ் தெரிய வேண்டும். சிவப்புத் துகள்களும் சிலவற்றில் தெரியும். நியூக்ளியஸ் தெரியாத நீலத் துண்டை டிரைக்கோமோனாஸ் என்று எழுதாதீர்கள். பக்கத்தில் லெப்டோதிரிக்ஸ் எனும் பாக்டீரியாவின் நீண்ட இழைகளும், செல்களின் நியூக்ளியஸைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமும், திரண்ட வெள்ளணுக் குவியல்களும் இருந்தால் இன்னும் நுணுகித் தேடலாம். கேண்டிடாவின் இழைகள் மேல்தோல் செல்களைக் கம்பியில் கோத்த மணிகளைப் போல அடுக்கி வைத்திருக்கும். குறைந்த உருப்பெருக்கத்திலேயே அந்த அடுக்கு கண்ணை இழுக்கும். வெறும் வித்துகள் மட்டும் தெரிந்தால் மேலே ஒட்டிய தூசியா, கிளவுஸ் பவுடரா என்று ஒருமுறை ஃபோகஸை மாற்றிப் பாருங்கள். ஆக்டினோமைசிஸ் பஞ்சுத் திரள்போலக் கருநீலமாக, ஓரத்தில் இழைகள் நீட்டி நிற்கும். பெரும்பாலும் காப்பர் டி வைத்தவர்களிடம்தான் பார்க்கிறோம். ஹெர்பிஸில் ஒரே செல்லுக்குள் பல நியூக்ளியஸ்கள் ஒன்றையொன்று நெருக்கி, உள்ளே பாலாடை படிந்த கண்ணாடி நிறத்தில் இருக்கும்.

கோக்கஸ் கிருமிகள் (உருண்டை வடிவ பாக்டீரியா) படலமாகப் படர்ந்து லாக்டோபேசில்லஸ் காணாமல் போயிருந்தால், கிருமிச் சூழல் மாறியிருக்கிறது என்று மட்டுமே எழுதலாம். பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று உறுதிசெய்ய ஆம்செல் அளவுகோலோ, கிராம் சாயமிட்ட ஸ்லைடில் பாக்டீரியா வகைகளை எண்ணித் தரும் நியூஜென்ட் மதிப்பெண் 7 முதல் 10 வரை வருவதோ வேண்டும்.

ரிப்போர்ட் கையில் வந்தபின்

இங்கேதான் மருந்து அதிகமாகக் கொடுக்கப்படுகிறது. "இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்" என்ற ஒரு வரியைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அழற்சி என்பது கிருமி அல்ல. தொந்தரவு இல்லாத பெண்ணுக்குக் கிருமி பெயர் எதுவும் எழுதப்படாமல் வந்த அந்த வரிக்கு மருந்து தேவையில்லை, அதற்காக மட்டும் ஸ்மியரை மறுபடி எடுக்கவும் தேவையில்லை. கேண்டிடா தெரிந்தும் அரிப்போ எரிச்சலோ இல்லை என்றால் விட்டுவிடலாம், ஆரோக்கியமான பெண்களில் 10 முதல் 20 சதவீதம் பேரிடம் அது இருக்கும். ஆக்டினோமைசிஸ் தெரிந்து, வயிற்று வலியோ காய்ச்சலோ இல்லாவிட்டால் காப்பர் டி-யை எடுக்க வேண்டியதில்லை. பயந்துபோய் அதை எடுத்துவிட்டு, வேண்டாத கர்ப்பத்தோடு திரும்பி வருவது எவ்வளவு வேதனை என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கேண்டிடா ஒரு வருடத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் சர்க்கரை பாருங்கள். "உடம்புச் சூடு" என்று வெந்தயமும் இளநீரும் சாப்பிட்டே வருடத்தை ஓட்டிய சிலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்த அரிப்பால்தான் தெரியவருகிறது. புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளிலும் ஆத்தங்குடிக் கல் பட்டறைகளிலும் நாள் முழுதும் நனைந்த துணியோடு வேலை செய்பவர்களிடம், மாற்றிக்கொள்ள ஒரு உலர்ந்த உள்ளாடை பையில் வைத்திருக்கச் சொல்வது மருந்துக்கு உதவியாக இருக்கும்.

டிரைக்கோமோனாஸ் என்று ஸ்மியரிலேயே தெளிவாக வந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும். பெண்ணுக்கு மெட்ரோனிடசோல் 500 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை ஏழு நாள், கணவருக்கு ஒரே வேளையாக 2 கிராம் என்பது இப்போதைய நடைமுறை. டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். அரசு மையங்களில் யோனித் தொற்றுக்குத் தரும் பச்சை நிறக் கிட்டில் செக்னிடசோல் 2 கிராமும் புளூகோனசோல் 150 மில்லிகிராமும் இருக்கும். கர்ப்பிணிக்குப் புளூகோனசோல் மாத்திரை தராமல், உள்ளே வைக்கும் குளோட்ரிமசோலை ஏழு நாள் தர வேண்டும்.

கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. டிரைக்கோமோனாஸ் என்றதும் "யார்கிட்ட இருந்து வந்துச்சு?" என்ற கேள்விதான் முதலில் எழும். அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில், சில நேரம் அதற்கும் மேல், இருவரில் யாரிடமும் அது தங்கியிருக்க முடியும். எனவே எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை ஸ்லைடு சொல்லாது. இதை அந்தப் பெண்ணிடம் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மாமியார் கையிலோ கொழுந்தன் கையிலோ கொடுத்தனுப்பாதீர்கள், உறையில் போட்டு அவரிடமே கொடுங்கள். கணவர் ஊர் திரும்பும் நாளையும் கேட்டு, அன்றே அவருக்கும் மருந்து கிடைக்கும்படி ஏற்பாடு செய்யலாம். அவர் மருந்து சாப்பிட்டு முடிக்கும்வரை உறவைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

தனியாகப் பெரிய வீட்டில் இருக்கும் வயதான ஆச்சிகளிடம் கேட்கும் முறையே வேறு. "ஆச்சி, எரிச்சல் இருக்கா? துணியில கறை படுதா? அடி இறங்குன மாதிரி இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் பதில் வரும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, ஸ்மியரில் அடிநிலைச் செல்களும் வெள்ளணுக்களும் நிறைந்து தொற்றுபோலத் தோன்றும். பெரும்பாலும் அது வறட்சி. ஈஸ்ட்ரோஜன் கிரீம் சில வாரம் போட்டபின் எடுத்த ஸ்மியர் தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருக்கிறது என்று சொன்னால், ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். உடனே மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள்.

வெள்ளணுக்களோ ரத்தமோ நான்கில் மூன்று பங்குக்கு மேல் மறைத்து, ஸ்லைடு "போதுமானதல்ல" என்று வந்தால், காரணமான தொற்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். டிரைக்கோமோனாஸுக்குச் சிகிச்சை பெற்றவருக்கு மூன்று மாதத்துக்குள் ஒருமுறை திரும்பவும் பரிசோதிக்க வேண்டும், மறுதொற்று அடிக்கடி வருகிறது. இரண்டு தேதியையும் பெண்ணின் நோட்டில் எழுதி, செவிலியரின் பதிவேட்டிலும் குறித்துவையுங்கள்.